அப்டேட் முதலில் யார் கைக்குப் போக வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒரு ரிலீஸ் போதும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. சொன்னவர் விவரம் தெரியாதவர் இல்லை. வாடிக்கையாளர்கள் கோபமாகக் கூப்பிடும்போது தொலைபேசியை எடுப்பவர் அவர்தான். அன்று விடிந்ததிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் வெளியிட்ட எங்கள் செயலியின் புதிய வெர்ஷனில் எதுவும் உடையவில்லை, சர்வர் விழவில்லை, ஒரு தகவலும் காணாமல் போகவில்லை. திரையின் அடியில் இருந்த ஒரு பொத்தான் மேலே போயிருந்தது, இரண்டு பக்கங்கள் ஒன்றாகியிருந்தன. அப்படிச் செய்ததற்குக் காரணமும் இருந்தது. முன்பு ஐந்தாறு முறை தட்ட வேண்டிய வேலை இப்போது மூன்றே தட்டலில் முடிந்தது. ஆனாலும் சிங்கப்பூர்த் தீவின் பல மூலைகளில் காலை ஏழரை மணிக்கு ஆட்கள் வேலை தொடங்க முடியாமல் நின்றிருந்தார்கள். "அடிக்கடி மாத்துறதாலதானே இந்தத் தொல்லை? மாத்துறதைக் குறைச்சா தொல்லையும் குறையும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அது சரியில்லை என்று என் மனம் அடித்துச் சொன்னது. ஏன் சரியில்லை என்றுதான் அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை.

நாங்கள் செய்வது கட்டுமானத் தளங்களுக்கான பெர்மிட் செயலி. சிங்கப்பூரில் சைட் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தவறினால் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் ஒருவர் ஏற வேண்டும் என்றால் முதலில் பெர்மிட் வேண்டும். சூப்பர்வைசர் விண்ணப்பிப்பார், பாதுகாப்பை மதிப்பிடுபவர் இடத்தை நேரில் பார்த்துச் சரி சொல்வார், புராஜெக்ட் மேனேஜர் அனுமதி கொடுப்பார். அதற்குப் பிறகுதான் சாரத்தில் கால் வைக்கலாம். முன்பு காகிதத்தில் நடந்தது, இப்போது பல இடங்களில் போனில் நடக்கிறது. அந்தப் போனைப் பிடித்திருக்கும் கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த கைகள். எந்த மாற்றம் எந்த நாளில் அந்தக் கைகளுக்குப் போகிறது என்று தீர்மானிக்கும் குழுவில்தான் நான் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் எங்கள் வழக்கம்.

அடிக்கடி வெளியிடுவதை நான் விடாமல் தாங்கிப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ் போடும் இடத்தில் இருந்தேன். அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான் என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதையே அங்கே எல்லோரும் செய்தார்கள். பாதி வெந்த வேலையைக்கூடக் கடைசி வாரத்தில் உள்ளே தள்ளினார்கள். இதை விட்டால் அது ஜூனுக்குப் போய்விடும், ஜூனில் வாடிக்கையாளர் இருப்பாரோ மாட்டாரோ. வெளியிடும் இரவில் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் ஒரே மூட்டையாகப் போகும். காலையில் ஒன்று பழுதாகும். அந்த நூற்றுக்கணக்கில் எது காரணம் என்று தேடவே இரண்டு நாள் பிடிக்கும், எழுதியவருக்கே தான் ஐந்து மாதத்துக்கு முன்னால் என்ன எழுதினோம் என்பது மறந்திருக்கும். முழு மூட்டையையும் திரும்ப எடுக்கவும் முடியாது, அதற்குள் இன்னொரு வாடிக்கையாளருக்கு அவசியமான திருத்தமும் இருக்கும். இரண்டு வார ரிலீஸில் இந்த வேதனை கிடையாது. பத்துப் பன்னிரண்டு மாற்றங்கள். பழுது வந்தால் அரை மணி நேரத்தில் ஆளைக் கைகாட்டிவிடலாம், அவருக்கும் நேற்று எழுதியது நினைவில் இருக்கும். பாதுகாப்போடு நேரடித் தொடர்புள்ள செயலியில் ஒரு திருத்தம் மூன்று மாதம் வரிசையில் காத்திருப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

இதைப் பற்றி அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் டிபிஎஸ் வங்கியின் பெயரும் வந்தது. 2023இல் அந்த வங்கியின் சேவைகள் அடுத்தடுத்துத் தடைப்பட்டபோது, நவம்பர் 1 முதல் ஆறு மாதத்துக்கு அவசியமற்ற கணினி மாற்றங்களை நிறுத்திவைக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. "பாத்தீங்களா, அவ்வளவு பெரிய இடத்துக்கே அதானே மருந்து" என்றார்கள். அந்த உத்தரவை நான் குறை சொல்லவில்லை. மக்களின் சம்பளமும் சேமிப்பும் இருக்கும் இடத்தில் மூச்சு வாங்கி, அடித்தளத்தைச் சரிசெய்துகொள் என்று சொன்னது சரிதான். ஆனால் அதை மேற்கோள் காட்டியவர்கள் இரண்டு விஷயங்களைத் தாண்டிப் போனார்கள். நிறுத்தச் சொன்னது அவசியமற்ற மாற்றங்களை மட்டும். மேலும் அந்த ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி நடந்த தடை, தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பில் வந்த கோளாறால் ஏற்பட்டது. வங்கி வெளியிட்ட புதிய மென்பொருளால் வந்ததில்லை. வங்கி தன் மென்பொருளில் எதையும் மாற்றாமல் உட்கார்ந்திருந்தாலும் அது வந்திருக்கும். மாற்றத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்ற கணக்கு எனக்கு அங்கேயே இடித்தது.

முதலில் தொடங்கியவர்கள் யாருக்கு வெளியிட்டார்கள்?

சீக்கிரம் வெளியிடு, அடிக்கடி வெளியிடு என்ற வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தைத்தான் காட்டுவோம். 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் 0.01 வெர்ஷனை வெளியிட்டார். அந்த ஆரம்ப காலத்தில் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வெளியீடுகள்கூட வந்தது உண்டு. அதை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் யார் என்பதை நான் பல காலம் யோசித்ததே இல்லை. கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மூலநிரலிலிருந்து தாங்களே கம்பைல் செய்து இயக்கத் தெரிந்தவர்கள். பழுது வந்தால் மூலநிரலைத் திறந்து பார்த்து, சரிசெய்து, திருத்தத்தை அனுப்பக்கூடியவர்கள். பிடிக்கவில்லை என்றால் நேற்றைய கெர்னலைப் போட்டு பூட் செய்துகொள்ளத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு வெளியீடு என்பது ஓர் உரையாடல். இவர் ஒன்று சொல்வார், அவர்கள் பதில் சொல்வார்கள், மறுநாள் அந்தப் பதில் புதிய வெர்ஷனாக வரும். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் துவாஸில் சாரத்துக்குக் கீழே நிற்கும் ஒருவருக்கு இதில் ஒன்றுகூடக் கையில் இல்லை. நேற்றைய வெர்ஷனுக்குப் போக அவருக்கு வழி கிடையாது. ஆண்ட்ராய்டு கடையில் நாங்களே நினைத்தாலும் பழைய எண்ணுக்கு இறங்க முடியாது. பழைய நிரலையே இன்னும் பெரிய எண் கொடுத்துப் புதிய வெர்ஷனாகத்தான் மறுபடி அனுப்ப வேண்டும்.

லினக்ஸும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. பயன்படுத்துபவர்கள் பெருகியதும் இரட்டைப்படை எண்கள் நிலையானவை, ஒற்றைப்படை எண்கள் வளர்ச்சிக்கு உரியவை என்று பிரித்தார்கள். கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் 2001 ஜனவரியில் வந்த 2.4க்கு அடுத்த நிலையான 2.6 வர 2003 டிசம்பர் ஆகிவிட்டது. அவ்வளவு காலம் யார் காத்திருப்பார்கள்? லினக்ஸை விநியோகித்த நிறுவனங்கள் 2.5இல் இருந்தவற்றை எடுத்துத் தங்கள் 2.4இல் தாங்களே ஒட்டிக்கொண்டன. நிலையானது என்று பெயர் வைத்திருந்தது ஆளுக்கு ஒன்றாக மாறிப்போனது. பிறகு அந்த முறையையே கைவிட்டார்கள். இப்போது ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வருகிறது. முதல் இரண்டு வாரம் மட்டும் புதியவற்றுக்குக் கதவு திறந்திருக்கும், அதற்கப்புறம் வாராவாரம் திருத்தம் மட்டும். மெதுவாக வெளியிட்டால் அமைதி கிடைக்கும் என்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். வெளியீட்டைத் தள்ளிப்போடலாம், தேவையைத் தள்ளிப்போட முடியாது. அது வேறு ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இன்னொரு பக்கத்திலிருந்து வந்து இதே சுவரில் முட்டியது. 2011இல் ஆறு வாரத்துக்கு ஒரு வெர்ஷன் என்று மாறினார்கள். நூற்றுக்கணக்கான கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் பள்ளிகளும் திணறிப்போயின. ஒரு வெர்ஷனைச் சோதித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. 2012 ஜனவரியில், நீண்ட காலம் திருத்தங்கள் மட்டும் பெறும் தனி வெளியீடு ஒன்றை அவர்களுக்காகக் கொண்டுவந்தார்கள். வேகத்தையும் குறைக்கவில்லை, எல்லோரையும் அந்த வேகத்தில் இழுக்கவும் இல்லை. இதையெல்லாம் நான் படித்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் நாங்கள் சதவீதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவதால் பத்திரமாக இருக்கிறோம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சதவீதக் கணக்கு

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19ஆம் தேதி உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஓர் உள்ளடக்க அப்டேட் அனுப்பியது. சிங்கப்பூர் நேரம் பிற்பகல் 12:09. தவறு தெரிந்து 1:27க்குத் திரும்ப எடுத்துவிட்டார்கள், 78 நிமிடம். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்தன. திருத்தம் தயாராக இருந்தும் பயன் இல்லை. பூட் ஆகாத கணினி திருத்தத்தை எப்படி வாங்கும்? ஒவ்வொன்றாக ஆள் போய்த் தொட வேண்டியிருந்தது. இனி இப்படிப்பட்ட அப்டேட்டுகளையும் படிப்படியாகவே அனுப்புவோம் என்று அந்த நிறுவனம் பிறகு அறிவித்தது.

நாங்கள் ஏற்கெனவே படிப்படியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். முதலில் ஐந்து சதவீதம், ஒரு நாள் பார்ப்போம், பிறகு இருபது, பிறகு ஐம்பது, பிறகு எல்லோருக்கும். ஆண்ட்ராய்டு கடையே இந்த வசதியைத் தருகிறது. ஆப்பிளில் ஏழு நாள் ஏணி இருக்கிறது: 1, 2, 5, 10, 20, 50, 100. அந்த ஐந்து சதவீதம் யார் என்பதைக் கடையே குலுக்கிப்போட்டு எடுக்கும். செயலி செயலிழந்தால் நம் கண்காணிப்புப் பலகையில் சிவப்புக் கோடு எழும், உடனே நிறுத்திவிடலாம். உடையும் பழுதுகளுக்கு இது அருமையான ஏற்பாடு, இன்றும் அதை நம்புகிறேன். பொத்தான் மேலே போன அன்றும் இதே ஏணியில் ஏறித்தான் வந்தோம். ஐந்து சதவீதத்தில் சிவப்பு இல்லை, இருபதில் இல்லை, ஐம்பதில் தொலைபேசி அலறியது.

ஏழரை மணி

அப்புறம் ஒருநாள் துவாஸ் பக்கம் ஒரு சைட்டுக்குப் போனேன். அதிகம் புகார் சொன்ன சைட் எது என்று பார்த்துப் போகவில்லை; ஒரு புகாரும் சொல்லாத சைட் எது என்று பார்த்துப் போனேன். அவ்வளவு களேபரத்திலும் அங்கிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை, அது ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

லாரிகள் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரம். சூப்பர்வைசர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், சிங்கப்பூருக்கு வந்து தலை நரைத்தவர். வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங் முடியட்டும் என்று ஓரமாக நின்றேன். தமிழில் பாதி, இந்தியில் கொஞ்சம், வங்காளத்தில் நாலைந்து சொல் என்று கலந்து அன்றைய வேலையைச் சொன்னார். உயரத்தில் ஏறுவோர் அணியும் ஹார்னஸ் வாரின் கொக்கியை ஒவ்வொருவரையும் இழுத்துக் காட்டச் சொன்னார். முடிந்ததும் என்னிடம் வந்தார். எங்கள் புதிய வெர்ஷன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"புதுசா? அது இன்னும் எங்க ஆளுங்களுக்கு வரலையே மேடம்."

"எல்லாருக்கும் போயிடுச்சே அண்ணே, போன வாரமே."

"நீங்க அனுப்பிட்டீங்க. நான் இன்னும் விடல."

சட்டைப் பையிலிருந்து திரை விரிசல் விட்ட ஒரு பழைய போனை எடுத்தார். அந்தக் குழுவில் எல்லோருடைய போனிலும் தானாக அப்டேட் ஆவதை அவர் நிறுத்தி வைத்திருக்கிறார். புது வெர்ஷன் வந்தால் முதலில் இந்த விரிசல் போனில் மட்டும் ஏற்றிக்கொள்வார். அதுவும் சனிக்கிழமை வேலை முடிந்து, திறந்திருந்த பெர்மிட் எல்லாம் மூடிய பிறகு. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்ப்பார். புரியாததை, கூடத் தங்கியிருக்கும் டிப்ளமா படித்த தம்பி ஒருவரிடம் கேட்பார். பிறகு இரண்டு பேரின் போனில் ஏற்றி ஒரு வாரம் ஓட்டுவார். ஒருவர் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர், இன்னொருவர் அவ்வளவாகப் படிக்காதவர். அந்த இரண்டாமவர் தடுமாறாமல் பெர்மிட்டை மூடினால்தான் மற்றவர்களுக்கு. திங்கட்கிழமை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் போனைத் தூக்கிக் காட்டி, "இது இங்க இருந்துச்சு, இனிமே இங்க" என்று சொல்லிவிட்டு, அங்கேயே எல்லோரையும் ஒன்றாக ஏற்றச் சொல்வார்.

நான் பேசாமல் நின்றேன். எங்கள் துறையில் பெரிய பெரிய பெயர்கள் வைத்துச் செய்வதையெல்லாம் அவர் செய்துகொண்டிருந்தார். அதோடு நாங்கள் செய்யத் தவறிய ஒன்றையும் செய்தார். யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறைக்கு விடாமல், ஆளைத் தெரிந்து தேர்ந்தெடுத்தார். கடைசியில் குழுவாகவே மாற்றினார், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கேள்வி கேட்க ஆள் பக்கத்தில் நிற்கும்போது.

"மாத்தாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன் மேடம்" என்றார். "போன தடவை போட்டோ ஏத்துறது சீக்கிரமா ஆச்சு, பேஸ்மெண்ட்ல சிக்னல் இல்லாட்டியும் சேவ் ஆகுது, அதெல்லாம் ரொம்ப நல்லது. ஆனா பத்து பேருல நாலு பேருக்குப் புதுசு, ஆறு பேருக்குப் பழசுன்னா நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது? கீழ இருக்குறத அமுக்குன்னா ஒருத்தன் மேல பாக்குறான். ஏழரை மணிக்கு எனக்கு ஆளு சாரத்துல ஏறணும்."

அங்கேதான் எனக்கு விளங்கியது. எங்கள் சதவீதம் மனிதர்களைத் தனித்தனியாக எண்ணியது. ஐம்பது சதவீதம் என்று நாங்கள் பலகையில் பார்த்தது, தரையில் ஒவ்வொரு குழுவையும் நடுவில் பிளந்திருந்தது. ஒருவர் திரையும் அடுத்தவர் திரையும் வேறு. ஒரு செயலியை யாரும் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். என் அம்மா வாட்ஸ்அப்பைக் கற்றுக்கொண்டது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் உட்காரும் தோழிகளிடம்.   ஐந்து சதவீதத்தில் ஏன் புகார் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு குழுவில் ஒருவருக்கு மட்டும் திரை மாறியபோது, அவர் பக்கத்தில் இருந்தவரின் போனை வாங்கி வேலையை முடித்துக்கொண்டார். எங்கள் பலகையில் அது அமைதியாகப் பதிவானது.

பிறகு செய்தவை

வெளியிடும் வேகத்தை நாங்கள் குறைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இன்றும் நிரல் போகிறது. திரையில் தெரியும் மாற்றத்தை மட்டும் அதிலிருந்து பிரித்தோம். புதிய நிரல் போனுக்குள் போய் உறங்கிக் கிடக்கும். எந்த சைட்டுக்கு எப்போது அதை எழுப்புவது என்பது சர்வரில் இருக்கும் ஒரு விசையில். அந்த விசை சைட் வாரியாகத் திரும்புகிறது, சனிக்கிழமை மாலைக்குப் பிறகு, திறந்த பெர்மிட் ஒன்றும் இல்லாதபோது மட்டும். முழு சைட்டும் ஒன்றாக மாறும், சிக்கல் என்றால் முழு சைட்டும் ஒன்றாகப் பழைய திரைக்குத் திரும்பும். திரும்பும் விசை சூப்பர்வைசர் கையிலும் இருக்கிறது. இதைக் கொடுக்கலாமா என்று அலுவலகத்தில் நீண்ட விவாதம் நடந்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். காலையில் ஆளைச் சாரத்தில் ஏற்றும் பொறுப்பு அவருடையது என்றால், அந்த நேரத்தில் எந்தத் திரை என்பதும் அவர் சொல்படிதான் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் செலவு உண்டு. இரண்டு திரைகளையும் சோதிக்க வேண்டும், பழைய நிரலோடு பேசும் வழியைச் சர்வரில் திறந்தே வைக்க வேண்டும், ஒரு சுற்று முடிந்ததும் பழையதைக் கறாராக அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் குப்பை சேரும்.

பழைய வழியைத் திறந்து வைப்பதற்கு விலை உண்டு என்பதை இந்த ஊரில் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டோம். 2024 ஜனவரி 9ஆம் தேதி, பேருந்து, ரயில் பயணத்துக்கான பழைய ஈசி-லிங்க் அட்டைகளை ஜூனுக்குள் சிம்ப்ளிகோ என்ற புதிய கட்டண முறைக்கு மாற்ற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. புதிய முறையில் நுழைவாயிலில் கட்டணமும் மீதித் தொகையும் தெரியாது, போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மக்கள் விடவில்லை. ஜனவரி 22ஆம் தேதி அந்த முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்றும் சொன்னார்கள். சிம்ப்ளிகோ 2019 முதல் விரும்பியவர்களிடம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். விரும்பி வந்தவர்களிடம் ஐந்தாண்டு வெற்றி பெற்றது, மீதிப் பேரிடமும் அப்படியே போகும் என்பதற்கு உத்தரவாதம் ஆகவில்லை. முதலில் வருபவர்கள் எப்போதும் மாற்றத்தை விரும்புபவர்கள். துவாஸ் அண்ணன் அதனால்தான் தன் இரண்டாவது ஆளாக, படிக்கச் சிரமப்படுபவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அவரையே எங்கள் முதல் வட்டத்தில் சேரும்படி கேட்டோம். அவருடைய நிறுவனத்தின் சம்மதத்தோடும், அதற்கு உரிய ஊதியத்தோடும். எல்லோருக்கும் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவருடைய விரிசல் போனுக்குப் போகும். முதல் முறையே அவர் பிடித்துக்கொடுத்த பழுதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. "அனுமதி வழங்கு", "அனுமதி மறு" என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஆங்கிலத்தில் இரண்டும் சின்னச் சொற்கள். எங்கள் மேசையில் இருந்த பெரிய போன்களில் தமிழும் ஒழுங்காகத் தெரிந்தது. அவருடைய சின்னத் திரையில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த அமைப்பில், இரண்டு பொத்தான்களிலும் "அனுமதி…" என்று மட்டும் தெரிந்தது. நிறத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எங்கள் தானியங்கிச் சோதனை எதிலும் இது சிக்கவில்லை. மூன்று மாத ரிலீஸாக இருந்திருந்தால் மூட்டையோடு மூட்டையாகப் போய், எல்லா சைட்டிலும் ஒரே காலையில் இறங்கியிருக்கும். சீக்கிரம் வெளியிடுவதில் எனக்குள்ள நம்பிக்கை அன்று இன்னும் இறுகியது. சரியான ஆளிடம் சீக்கிரம் போனதால்தான் அது சிக்கியது.

அதிலிருந்து இன்னொரு வழக்கமும் வந்தது. வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்னால் திரையில் வரும் சொற்களைப் பூட்டிவிடுகிறோம். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. க்னோம் போன்ற திறந்த மூலத் திட்டங்களில் மொழிபெயர்ப்பாளர்களுக்காக வெகுகாலமாக இருக்கும் ஏற்பாடுதான். அடிக்கடி வெளியிடும் இடங்களில் முதலில் பலியாவது இதுதான். ஆங்கிலம் ஓடிக்கொண்டே இருக்கும், தமிழும் வங்காளமும் எப்போதும் ஒரு வெர்ஷன் பின்னால் மூச்சிரைக்கும். பாதித் திரை தமிழ், பாதித் திரை ஆங்கிலம். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊரில், தமிழ் படிப்பவர் உயிரைக் காக்கும் ஒரு செயலியில், அதை நான் விட்டுவைக்க மாட்டேன்.

மூன்று மாத ரிலீஸ் கேட்டவர் இப்போது அதைக் கேட்பதில்லை. முதல் வட்டத்தில் எந்தெந்த சைட் இருக்க வேண்டும் என்ற பட்டியலை அவர்தான் வைத்திருக்கிறார். எந்த சூப்பர்வைசர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர், யாருக்குக் கான்கிரீட் போடும் வாரம், யாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதெல்லாம் தொலைபேசி எடுத்த அவருக்குத்தான் தெரியும். எங்களுக்குள் இப்போது வாதம் வேறு. சில துணை ஒப்பந்தக் குழுக்கள் காலையில் ஒரு சைட்டிலும் மதியத்துக்கு மேல் இன்னொரு சைட்டிலும் வேலை பார்க்கின்றன. சைட் வாரியாக விசையைத் திருப்பினால் அவர்கள் ஒரே நாளில் இரண்டு திரைகளைப் பார்க்கிறார்கள். குழுவோடு திரை போகட்டும் என்கிறேன் நான். அப்படிப் போனால் பெர்மிட்டைச் சரிபார்க்கும் சைட்காரர் வேறு திரையில் இருப்பாரே என்கிறார் அவர். அடுத்த ரிலீஸில் ஒரே ஒரு துணை ஒப்பந்தக் குழுவுக்கு, அவர்களுடைய ஃபோர்மேனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, என் வழியை முயன்று பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.